ஊர் ஆசாரியிடம் கொல்லுவேலை கற்பது: கரிமூட்டத்திலிருந்து கருக்கரிவாள் வரை

கேள்வி: எங்கள் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய கொல்லர் ஒருவர் இருக்கிறார். இரும்பு வேலையோடு கரி சுடுவது, பிடி போடுவது, தோல் துருத்தி தைப்பது, வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை ஏற்றுவது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து பேருக்குச் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். நேராக அரிவாள் அடிக்கக் கற்கலாமா? என்னென்ன ஏற்பாடு வேண்டும்? எங்கே சொதப்பும்?

பதில்:

நேராக அரிவாளுக்குப் போகாதீர்கள். முதல் இரண்டு மாதம் கரியும் காற்றும் மரமும்தான். ஆசாரி அப்படிச் சொன்னால் "இழுத்தடிக்கிறார்" என்று நினைக்காதீர்கள்.

ஊர்க் கொல்லருக்கு இத்தனை கைவேலை எப்படி வந்தது என்று பார்த்தால் காரணம் புரியும். கைவினைஞர்களான கம்மாளர் ஐந்து பிரிவு: கொல்லர், தச்சர், கன்னார் (பித்தளை வேலை), கல்தச்சர், தட்டார் (பொன் வேலை). ஏட்டில் வேலை பிரிந்திருந்தாலும் சின்ன ஊரில் ஐவரும் இருப்பதில்லை. கூலியும் அன்றன்றைக்குக் கிடையாது. அறுவடை முடிந்து களத்தில் நெல் அளக்கும்போது "சுதந்திரம்" என்று ஒரு பங்கு கொடுப்பார்கள், வருஷம் முழுக்கச் செய்யும் வேலைக்கு அதுதான் கூலி. ஒரே மண்வெட்டி காம்பு ஆடுகிறதென்று மூன்று தடவை திரும்பி வந்தால் நஷ்டம் கொல்லருக்குத்தான். ஆகவே காம்பையும் அவரே சரியாகப் போடக் கற்றுக்கொண்டார். சரியாகப் பொருந்தாத பிடியில் நல்ல இரும்பும் முறியும், அப்போது பழி இரும்பின்மேல்தான் விழும்.

கரி

நிலக்கரியை விட மரக்கரிதான் கற்பவருக்கு நல்லது. நிலக்கரியில் கந்தகம் உண்டு. அது இரும்பில் ஏறினால் சூட்டில் அடிக்கும்போதே வெடிப்பு விழும், இரண்டு இரும்பைப் பழுக்கவைத்து அடித்துச் சேர்க்கும் பற்றவைப்பும் ஒட்டாது. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் பக்கம் சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு (அடுக்கி, மண் மூடிச் சுட்டு) எடுக்கும் கரி உலைக்கு அருமையானது. புளிய மரக் கரியும் நன்றாக நிற்கும். கொட்டாங்கச்சிக் கரியும் சூடு அதிகம் தரும். அதைச் சின்ன உருப்படிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மூட்டம் போட ஒரு டன்னாவது விறகு வேண்டும், நாலைந்து நாள் இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். ஐந்து பேருக்கு 200 லிட்டர் இரும்பு டிரம்மே போதும். பெயின்ட், ரசாயனம் இருந்த டிரம் வேண்டாம். அடியில் விரல் நுழையும் அளவில் ஐந்து ஓட்டை போட்டு, மூன்று செங்கல்மேல் நிறுத்துங்கள். கைமுட்டிக் கனத்தில் வெட்டி, குறைந்தது மூன்று மாதம் காய்ந்த விறகாக இருக்க வேண்டும். அடியில் சுள்ளி பற்றியதும் விறகைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வாய்வரை நிரப்புங்கள்.

அதற்குப் பிறகு புகையைப் பார்ப்பதுதான் வேலை. வெள்ளையாக, திரளாக வந்தால் ஈரம் போகிறது. மஞ்சள் கலந்து கண்ணைக் கரித்தால் தார் போகிறது. மெலிந்து நீலமானால் கரியே எரியத் தொடங்கிவிட்டது. அந்த நொடியில் அடி ஓட்டைகளை மண் அணைத்து மூடி, மேல்மூடியைப் போட்டு, விளிம்பைச் சேறு பூசி அடையுங்கள். மறுநாள் காலைவரை திறக்கக் கூடாது. தொட்டால் ஆறியதுபோல் இருக்கும். திறந்ததும் காற்று பட்டு மொத்தமும் பற்றிக்கொள்ளும். புதிதாகச் செய்பவர்கள் கரியை இழப்பது பெரும்பாலும் இங்கேதான். நாலைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி வந்தால் போதும், அதுவே நல்ல கணக்கு.

நல்ல கரியைக் கீழே போட்டால் கணீரென்று சத்தம் வரும், உடைத்தால் முகம் பளபளக்கும். உள்ளே பழுப்பாக இருந்தால் அரைவேக்காடு, உலையில் புகையும். எலுமிச்சம்பழ அளவில் உடைத்து, தூளைச் சலித்துக் கழியுங்கள். தூள் கலந்தால் காற்று அடைபடும். உலை மணிக்கு 2 முதல் 3 கிலோ கரி தின்னும். ஒரு ஞாயிறு ஐந்து மணி நேரம் வேலை என்றால் 15 கிலோ கையில் இருக்கட்டும்.

காற்றும் உலையும்

தோல் துருத்தியை இன்று தினசரி வேலைக்கு வைக்க வேண்டியதில்லை. கையால் சுற்றும் ஊதுசக்கரம் போதும். ஆனால் அவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு துருத்தியைத் தைத்துப் பார்த்துவிடுங்கள், இன்றைக்கு அது தெரிந்தவர்கள் மிகக் குறைவு. வயிற்றைக் கிழிக்காமல் பையாக உரித்த ஆட்டுத்தோல் இரண்டு வேண்டும். ஆவாரம்பட்டையில் பதமிட்டு, எண்ணெய் தேய்த்து மெதுவாக்கியது. பின்வாயில் இரண்டு மூங்கில் சட்டம் தைப்பார்கள். கையை விரித்துத் தூக்கினால் வாய் திறந்து காற்றை இழுக்கும், மூடி அழுத்தினால் முன்வாய்க் குழல் வழியே தள்ளும். இரண்டையும் மாற்றி மாற்றி அமுக்கினால் காற்று அறாது. காலால் மிதிக்கும் வகையும் உண்டு. சங்கப் பாட்டில் "மென்தோல் மிதியுலை" என்று வருவது அதுதான்.

துருத்திக் குழலை உலையின் மண்குழலுக்குள் இறுக்கிச் சொருகுவதுதான் இதில் எல்லோரும் செய்யும் தப்பு. இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் தூக்கும்போது உலையின் பொறியும் நெருப்புக் காற்றும் தோலுக்குள் வரும், ஒரே நாளில் உள்ளே வெந்துவிடும்.

மண்குழலின் துளை 25 மி.மீ. இருந்தால் அரிவாள் வரைக்கும் தாங்கும். குழல்வாயிலிருந்து இரும்பு படுக்கும் இடம் கொஞ்சம் தள்ளி இருக்கட்டும். அதன் அடியிலும் மேலும் கனன்ற கரி இருக்க வேண்டும். காற்று நேராக இரும்பில் பட்டால் பொருக்கு கட்டிக் கட்டி உதிரும், இரும்பு தேயும். கொழுந்து உயர எரிவதைப் பார்த்துத் தீ நன்றாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். வேலை செய்வது உள்ளே இருக்கும் கனல்தான். அடியில் கிட்டம் (கரிச் சாம்பலும் இரும்புப் பொருக்கும் சேர்ந்த கழிவு) உருகிக் கட்டியாகும். அரைமணிக்கு ஒரு முறை கொக்கியால் வாரி எடுங்கள். அதை விட்டால் பற்றவைப்பு ஒட்டாது.

உலை நிழலில், கொஞ்சம் இருட்டாகவே இருக்க வேண்டும். கொல்லருக்கு வெப்பமானி கண்தான். வெயிலில் கோவைப்பழச் சிவப்பாகத் தெரிவது நிழலில் ஆரஞ்சாகத் தெரியும், நூறு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வரும். தரை மண்தரையாக இருக்கட்டும். சிமெண்டுத் தரையில் பழுத்த இரும்பு விழுந்தால் அதிலுள்ள ஈரம் ஆவியாகிச் சில்லு தெறிக்கும்.

பட்டடையும் கருவிகளும்

உட்கார்ந்து அடிக்கும் பழைய முறையில் பட்டடை, அதாவது இரும்பை வைத்து அடிக்கும் கட்டி, மரக்கட்டையில் பாதி புதைந்து, தரையை ஒட்டி நிற்கும். கொல்லர் உட்கார்ந்து கொறட்டால் பிடித்துச் சின்னச் சுத்தியலால் இடம் காட்டுவார், எதிரே நிற்பவர் சம்மட்டி போடுவார். தனியாக வேலை செய்பவர் நின்று அடிப்பதே மேல். கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால், விரல் முட்டி தொடும் உயரத்தில் பட்டடையின் முகம் இருக்க வேண்டும். உயரம் கூடினால் தோள் போகும், குறைந்தால் இடுப்பு போகும்.

தண்டவாளத் துண்டு நல்ல பட்டடைதான். ஆனால் ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். ரயில்வே சொத்தை முறையின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 40, 50 கிலோவுக்கு ஒரு கனத்த இரும்புக் கட்டி பழைய இரும்புக் கடையில் கிடைத்தாலும் போதும். கைச்சுத்தியல் ஒரு கிலோ, சம்மட்டி 4 கிலோ, வாய் வேறுபட்ட கொறடு மூன்று, வெட்டுளி, பட்டை அரம் ஒன்று, பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று. தொடங்க இவ்வளவு போதும்.

பருத்திச் சட்டை, மூடிய தோல் செருப்பு, கண்ணாடி. பாலியஸ்டர் துணி பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். சுத்தியல் பிடிக்கும் கைக்கு உறை வேண்டாம், வழுக்கும். வெள்ளைப் பூச்சு உள்ள ஜி.ஐ. குழாய், தகடு எதையும் உலையில் வைக்கவே கூடாது. துத்தநாகப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும்.

முதல் உருப்படிகள்

8 மி.மீ. கம்பியில் ஒரு கொக்கி. பிறகு ஆணி. ஆணி அற்ப வேலையாகத் தெரியும், ஆனால் கூராக்குவது, தோள் எடுப்பது, வெட்டுவது, தலை தட்டுவது என்று நான்கு அடிப்படையும் அதில் இருக்கின்றன. ஒரே சூட்டில் ஓர் ஆணி முடியும்வரை விடாமல் செய்யுங்கள். அடுத்து ஒரு கொறடு. தன் கொறட்டைத் தானே செய்தவருக்குத்தான் பிடிப்பு ஏன் வழுக்குகிறது என்பது புரியும்.

இங்கே ஒரே விதி: நிறம் மங்கினால் நிறுத்துங்கள். ஆரஞ்சில் தொடங்கி, மங்கிய சிவப்பில் கையை எடுத்துவிட வேண்டும். நிறமே தெரியாத சூட்டில், 250 முதல் 400 டிகிரிக்குள், இரும்பு நொறுங்கும் குணத்தில் இருக்கும். அப்போது அடித்தால் வெளியே தெரியாத வெடிப்பு விழும். மறுபக்கம், வெள்ளையாகிப் பொறி சிதறினால் இரும்பு எரிந்துவிட்டது. அந்த முனையை வெட்டி எறிய வேண்டியதுதான், சரிசெய்ய வழியே இல்லை.

எந்த இரும்பு

கட்டுமானக் கம்பி வேண்டாம். கரிமம் குறைவு, தோய்ச்சல் (சூடேற்றிச் சட்டென்று நனைத்து இறுகச் செய்வது) ஏறாது. லாரி, ஜீப்பின் வில் பட்டைதான் (ஸ்பிரிங் தகடு) ஊர் அரிவாளின் எஃகு. கரிமம் சுமார் 0.5 முதல் 0.65 விழுக்காடு இருக்கும். பழைய அரத்தில் 1 விழுக்காட்டுக்கு மேல் உண்டு. கத்திக்கு அழகு, ஆனால் கற்பவர் கையில் வெடிக்கும்.

வில் பட்டை பழசு என்றால் ஏற்கனவே ஓடி ஓடிக் களைத்திருக்கும். மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிஷம் விட்டு, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். நடுத் துளையைச் சுற்றித்தான் அதிகம் இருக்கும், அந்தப் பகுதியை ஒதுக்குங்கள். புதிதாக வாங்கிய எந்த எஃகிலும் முதலில் விரல் நீளத் துண்டு ஒன்றைத் தோய்த்து, பழைய துணியில் சுற்றி, சுத்தியலால் உடைத்துப் பாருங்கள். முறிவு மாவுபோல் மெல்லிய மணியாக, சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். சர்க்கரைபோல் மின்னினால் சூடு கூடிப்போயிற்று.

கருக்கரிவாள்

கதிர் அறுக்கும் இந்த அரிவாளை முதல் வெட்டுக்கருவியாக வைப்பது நல்லது. வீச்சரிவாள் வேண்டாம். வேலையும் கனம், தலைவலியும் கனம். திருப்பாச்சேத்தி போன்ற பேர்பெற்ற ஊர்ப் பட்டறைகளே வாங்குபவரின் பெயரும் விலாசமும் எழுதி வைக்க வேண்டிய காலம் இது.

அளவு சொல்கிறேன். வெட்டுப்பகுதி 30 செ.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், முதுகில் 2 மி.மீ. கனம். பிடிக்குள் போகும் வால் 10 செ.மீ. மொத்தம் சுமார் 150 கிராம் இரும்பு. பொருக்காகவும் அரத்தூளாகவும் போவதற்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சேருங்கள்: 190 கிராம். 8 மி.மீ. கனமுள்ள பட்டையில் 20 மி.மீ. அகலத்துக்கு நெடுக வெட்டினால் 15 செ.மீ. நீளம் சரியாக அந்த எடை வரும். எடையைக் கணக்குப் போட்டு வெட்டும் பழக்கத்தை முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணளவில் வெட்டினால் ஒன்று அரிவாள் குட்டையாகும், இல்லாவிட்டால் அரத்தோடு அரைநாள் போகும்.

முதலில் வாலை இழுத்து விடுங்கள், கொறட்டில் பிடிக்கத் தோதாக இருக்கும். பிறகு பட்டையை நீளமாகவும் தட்டையாகவும் அடித்து, வளைத்துவிட்டு, கடைசியில் வெட்டும் வாய்ப்பக்கத்தை மெலிக்க வேண்டும். அரிவாளின் வாய் உள்வளைவில் இருக்கிறது. அதை மெலித்தால் அந்தப் பக்கம் நீளும், வளைவு விரிந்துவிடும். அதனால் கடைசியில் வேண்டிய வளைவை விட முன்கூட்டியே அதிகமாக வளைத்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு என்று புத்தகக் கணக்கு கிடையாது. முதல் மூன்று அரிவாளும் பிறைபோல் வராமல் வில்போல் விரிந்துதான் வரும், நாலாவதில் கை பிடித்துக்கொள்ளும்.

வடிவம் வந்ததும் கோவைப்பழச் சிவப்புக்குச் சூடேற்றி, காற்றில் ஆறவிடுங்கள். இப்படி மூன்று முறை. அடித்ததில் ஏறிய இறுக்கம் தளரும். இதை விட்டால் தோய்க்கும்போது கோணும். பிறகு கடைசியாக ஒரு முறை சூடாக்கி, சாம்பலில் புதைத்து இரவு முழுக்க ஆறவிடுங்கள். அப்போதுதான் கருக்கு வெட்ட உளி ஏறும்.

கருக்கு என்பது ஒரு முகத்தில் மட்டும் வெட்டும் பல். கூரிய சின்ன உளியால், பிடியை நோக்கிச் சாய்வாக, செ.மீ.க்கு 7 அல்லது 8 கோடு. அறுப்பது இழுப்பில் என்பதால் சாய்வு பிடிப் பக்கம் இருக்க வேண்டும். மாறிப்போனால் தாள் வழுக்கும். மறுமுகம் வழவழப்பாகவே இருக்கட்டும். பின்னால் மழுங்கும்போது அந்த முகத்தைத் தேய்த்தாலே பல் புதிதாக வெளிவரும். இரண்டு முகத்திலும் வெட்டுவது விவரம் தெரியாத வேலை.

தோய்ச்சல்

ஆறு மணி நேர உழைப்பு ஆறு நொடியில் போவது இங்கேதான். ஊர்ப் பட்டறையில் தண்ணீர் காட்டித்தான் தோய்ப்பார்கள். உங்கள் ஆசாரியும் அப்படியே செய்யலாம். அவர் செய்வதைக் கூர்ந்து பாருங்கள்: முழுசாக முக்குவதில்லை. வாய் மட்டும் தண்ணீரில், ஒரு மூச்சு நேரம். வெளியே எடுத்து, வாயைக் கல்லில் ஒரு தேய் தேய்த்து, முதுகில் மிஞ்சிய சூடு வாய்க்கு ஏறும்போது ஓடிவரும் நிறத்தைப் பார்த்து மறுபடி நனைப்பார். ஒரே சூட்டில் தோய்ச்சலும், நொறுங்காதபடி கொஞ்சம் இளக்கும் பதமும் முடிந்துவிடும். நாற்பது வருஷக் கண் இருந்தால் அது சரி. வில் பட்டையை முழுசாகத் தண்ணீரில் போட்டால் "டிக்" என்று ஒரு சத்தம் வரும், அதோடு அது பழைய இரும்புக் கடைக்குத்தான்.

நீங்கள் எண்ணெயில் தொடங்குங்கள். கடலை எண்ணெய் அல்லது புங்க எண்ணெய், குறைந்தது 5 லிட்டர், அகலமான இரும்புப் பாத்திரத்தில், பக்கத்தில் இறுக மூடும் தகட்டோடு. எண்ணெய் 50, 60 டிகிரி வெதுவெதுப்பில் இருக்கட்டும். சில்லென்ற எண்ணெய் கெட்டியாக இருக்கும், சூட்டை மெதுவாகத்தான் வாங்கும். வண்டியின் பழைய ஆயில் புகை உடம்புக்கு ஆகாது.

அரிவாளை மெல்லிய நுனி முந்திக்கொள்ளாமல், உலையில் முன்னும் பின்னும் நகர்த்திச் சமமாகச் சூடாக்குங்கள். கம்பியில் தொங்கவிட்ட காந்தத்தில் அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். சுமார் 770 டிகிரியில் ஒட்டாமல் போகும். அதற்கு மேல் ஒரு சாயல் ஏறியதும், முதுகு முன்னால் போகாமல், வாய் கீழே இருக்க நேராக இறக்குங்கள். பக்கவாட்டில் ஆட்டினால் கோணும், முன்பின் ஆட்டலாம். எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றவே கூடாது, தகட்டால் மூடுங்கள்.

ஆறியதும் பழைய அரத்தால் வாயைத் தேய்த்தால் கண்ணாடிபோல் வழுக்க வேண்டும். அரம் கடித்தால் சூடு போதவில்லை, மறுபடி செய்யலாம். வழுக்கினால் அன்றே பதம் இறக்குங்கள், மறுநாளைக்கு வைக்காதீர்கள். கருக்கரிவாள் போன்ற மெல்லியதற்குக் கடலை வறுக்கும் மணல்சட்டிதான் நல்ல வழி. ஒரு முகத்தைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, சூடான மணலில் படுக்க வைத்து நிறம் பாருங்கள். வெளிர் வைக்கோல் 220 டிகிரிப் பக்கம், பழுப்பு 255, நாவல்பழ ஊதா 280, மயில்நீலம் 300. கருக்கரிவாளுக்கு அடர் வைக்கோலிலிருந்து பழுப்பு வரும்போது எடுத்துவிடுங்கள். கோடாலிக்கும் மண்வெட்டிக்கும் ஊதா தாண்டிய நீலம், ஏனெனில் கல்லில் மோதும். பல் உதிர்ந்தால் பதம் குறைவாக இறங்கியிருக்கிறது, பல் மடிந்தால் அதிகமாக இறங்கியிருக்கிறது. வயலிலிருந்து திரும்பி வரும் அரிவாளைப் பார்த்தே இதைத் தெரிந்துகொள்ளலாம்.

பிடி

சின்ன அரிவாளுக்குப் பூவரசு, வேம்பு, வாகை. மண்வெட்டிக்கும் கோடாலிக்கும் கருவேலம், உசிலை. பச்சை மரத்தில் போடாதீர்கள். காய்ந்து சுருங்கியதும் ஒரு மாதத்தில் ஆடும். நிழலில் மூன்று மாதமாவது காய வேண்டும், வெட்டுவாயில் சாணியோ மெழுகோ பூசினால் வெடிக்காது. ரேகை நீளவாக்கில் முழுசாக ஓட வேண்டும், கணு கூடாது. வாய்ச்சியால் செதுக்கி உருவாக்கி, அரத்தால் தேய்த்து, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டினால் வழவழப்பாகும். உருண்டையாக வேண்டாம், முட்டை வடிவில் செய்யுங்கள். அப்போதுதான் இருட்டிலும் வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும்.

பிடியின் முனையில் மாட்டும் இரும்பு வளையமான பூணை முதலில் போடுங்கள். 25 மி.மீ. குழாய்த் துண்டு 2 செ.மீ. போதும். பூண் இல்லாமல் வாலை இறக்கினால் மரம் பிளக்கும். 6 மி.மீ. துளை போட்டு, வாலை மட்டும் மங்கிய சிவப்பாக்கி, ஈரத்துணி சுற்றிய வாய்ப்பக்கத்தைப் பிடித்து, மூன்று நான்கு தடவையாகச் சுட்டு இறக்க வேண்டும். ஒரே தடவையில் திணித்தால் துளை கரியாகி அகலும். ஈரத்துணியை மறந்தால், பாடுபட்டு ஏற்றிய பதம் வால்பக்கச் சூட்டில் போய்விடும். கடைசி ஒரு விரல் நீளத்தைச் சுத்தியலால் ஏற்றுங்கள். அரக்கும் செங்கல் பொடியும் உருக்கி ஊற்றினால் இன்னும் இறுகும். ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு.

வண்டிப் பட்டை

இது கேட்டவுடன் கிடைக்கிற வேலை இல்லை. எங்காவது மரச்சக்கரம் வந்தால் விட்டுவிடாதீர்கள். நடுவில் குடம் ஒன்று, அதில் செருகிய ஆரக்கால் 12, விளிம்பில் வட்டை 6 துண்டு. இவற்றையெல்லாம் இறுக்கிக் கட்டுவது பட்டையின் சுருக்கம்தான், ஆணி இல்லை. பட்டையைச் சக்கரத்தை விடச் சின்னதாகச் செய்து, சூட்டில் விரித்து ஏற்றி, தண்ணீர் ஊற்றிச் சுருக்குவார்கள்.

1.5 மீட்டர் விட்டச் சக்கரம் என்றால் சுற்றளவு 4,712 மி.மீ. 10 மி.மீ. கனமான பட்டையை வளைக்கும்போது உள்முகம் ஒடுங்கும், ஆகவே கனத்தைப்போல் 3.14 மடங்கு, 31 மி.மீ., சேர்க்க வேண்டும். இறுக்கத்துக்கு 15 மி.மீ. கழிக்க வேண்டும். 4,728 வருகிறது, பற்றவைக்க ஒன்றன்மேல் ஒன்று படியும் நீளம் தனி. இரும்பு 500 டிகிரி ஏறினால் இந்த நீளத்தில் சுமார் 28 மி.மீ. விரியும். 15 போக 13 மி.மீ. தளர்வு மிஞ்சும், அதுதான் ஏற்றுவதற்கான இடம். கனத்தைச் சேர்க்க மறந்தால் 31-ம் 15-ம் சேர்ந்து 46 மி.மீ. குறையும். எத்தனை வறட்டி எரித்தாலும் அந்தப் பட்டை ஏறாது. அளவு எடுக்கும் முன் வட்டைகளுக்கு இடையே மெல்லிய சந்து இருக்கிறதா என்று பாருங்கள். சந்தே இல்லாத சக்கரத்தில் பட்டை சுருங்கினால் ஆரக்கால் வளையும்.

வறட்டியைப் பட்டையின் வட்டத்துக்கு உள்ளும் புறமும் அடுக்கி, சுற்றிலும் ஒரே நேரத்தில் பற்றவைக்க வேண்டும். மூன்று பேர் கொறட்டோடு, இரண்டு பேர் தண்ணீர்க் குடத்தோடு. ஏறியதும் உடனே ஊற்றாவிட்டால் மரம் பற்றும். ஒரே பக்கம் ஊற்றினால் சக்கரம் கோணும். சுற்றி வந்து ஊற்றுங்கள். ஆரக்கால்கள் குடத்துக்குள் இறுகும் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்கும்.

ஏற்பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. ஐந்து பேரும் ஒரே உலையைச் சுற்றி நின்றால் ஒருவர்தான் கற்பார். ஒருவர் உலையில், ஒருவர் சம்மட்டியில், ஒருவர் காற்றில், இருவர் பிடி வேலையில் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். கரிக்கும் இரும்புக்கும் பணம் நீங்கள் போடுங்கள், ஆசாரிக்கு அன்றைய கூலியை அன்றே கொடுத்துவிடுங்கள். அவர் வார்த்தையில் சொல்ல மாட்டார். "கொஞ்சம் பழுக்கட்டும்" என்பார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் நிறத்தைப் பார்த்து, காந்தத்தில் தொட்டு, நீங்களே குறித்துக்கொள்ள வேண்டும். உடைத்துப் பார்த்த துண்டுகளில் தேதியும் எந்த நிறத்தில் எடுத்தது என்பதும் எழுதிக் கட்டி வையுங்கள்.

புது உருப்படியை விடப் பழுதுவேலை அதிகம் கற்றுத்தரும். தை அறுவடைக்கு முன்னால், மார்கழி கடைசியில், ஊர் அரிவாள் எல்லாம் கருக்கு வெட்ட வரும். ஒரே வாரத்தில் ஐம்பது அரிவாளின் ஐம்பது விதக் கோளாறைப் பார்க்கலாம். அந்த நாட்களில் ஞாயிறு கணக்குப் பார்க்காமல் தினமும் போய் உட்காருங்கள்.